வெள்ளிக்கிழமை மச்சம்

இருபத்தைந்தாம் கிழமையிலேயே வந்துவிட்டாய்,
அறுநூற்றுத் தொண்ணூறு கிராம்.
"எங்கட லைனில வாற ஹாடொக் இதைவிடப் பாரம்"
என்று சொல்லிப்போட்டு
வாயைப் பொத்திக்கொண்டார் உன் அப்பா.

பதினோராம் நாள் உன் வயிறு கறுத்தது.
குடலில் செத்த துண்டை வெட்டி எடுத்தார்கள்.
மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன்.
தாதி டொரீன் தன் பேனையைக் காட்டி
இதைப்போல மூன்று என்றாள்.

அன்றிலிருந்து உன் வாய் உன் கையில்:
முழங்கைக்கு மேலால் நுழைந்து
இதயத்தின் வாசலில் முடிகிற நூல்.
ஒரு பையில் சீனி, உப்பு, புரதம்.
பக்கத்தில் ஊசிக்குழாயில் சோயா எண்ணெய்,
பால் மாதிரி வெள்ளை. பாலில்லை.
என் பால் கீழ்மாடி ஃப்ரீசரில்
நாற்பத்தாறு போத்தல், திகதி போட்டபடி.

நீ தேறினாய். ஆயிரத்து நூறு கிராம்.
அன்றுதான் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினேன்.
திரும்பி வந்தபோது
உன் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை.

முதற்கிழமை நீல வெளிச்சத்தில் போட்டுப் போக்கிய மஞ்சள் வேறு,
இது வேறு என்றார் டாக்டர் பூட்ரோ.
கையுறைப் பெட்டியின் பின்புறம் ஈரலை வரைந்தார்.
வாயால் போகிற சாப்பாடு
குடலைத் தட்டி ஈரலை எழுப்பும்.
நேரே இரத்தத்துக்குப் போவது எழுப்பாது.
பித்தம் உள்ளேயே தேங்கும்.
"பையை நிப்பாட்டினால்?"
"பட்டினி."
"தொடர்ந்தால்?"
அவர் பேனையை மூடினார்.

ஈரக்குலை பதறுது என்று
எத்தனை தரம் சொல்லியிருப்பேன், சும்மா,
பஸ் தவறியதற்குக்கூட.
அது எந்தப் பக்கம் என்று இப்போதுதான் தெரியும்:
வலப்பக்கம், விலாவுக்குக் கீழே,
டொரீன் விரலால் தடவிப் பார்த்து
மையால் கோடு போட்ட இடம்.
கோடு கிழமைக்குக் கிழமை கீழே இறங்கியது.

மலம் சுண்ணாம்பு. மூத்திரம் சாயத் தேத்தண்ணி.
அறுபத்தெட்டு, எண்பத்தொன்பது, நூற்றுப் பன்னிரண்டு.
பிள்ளையின் மார்க் குறையவேண்டும் என்று
கும்பிட்ட தாய் நானாகத்தான் இருப்பேன்.

எண்ணெயை மாற்றிப் பார்ப்போம் என்றார்கள்.
சோயா வேண்டாம், மீனெண்ணெய்.
நீ வீடு வரும்வரை மச்சம் தொடேன் என்று
பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தேன் நான்.
நீயோ ஒரு வெள்ளிக்கிழமை காலமை பார்த்து
மச்சம் தொடங்கினாய்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உன் அப்பா சிரிக்கவில்லை.
டார்ட்மத்தில் நாள் முழுக்க மீன் வெட்டி
துறைமுகத்தைப் படகில் கடந்து
ஹலிஃபக்ஸ் வருகிற மனிதர்.
மூன்றுதரம் கழுவியும் எலுமிச்சை தேய்த்தும்
விரலைவிட்டுப் போகாத மணத்துக்கு வெட்கப்பட்டு
இன்குபேட்டருக்கு வெளியே
இத்தனை நாளும் கைகட்டி நின்றவர்,
அன்று கையை உள்ளே விட்டார்.
நீ அவர் சுண்டுவிரலைப் பிடித்தாய்,
அல்லது அது உன் கைக்குள் இருந்தது.

மாற்றியும் ஏறியது. நூற்று இருபத்தேழு.
வெளியே மூடுபனி, கப்பலின் சங்கு.
பக்கத்துக் கட்டில் ஒருநாள் வெறுமையாயிற்று.
வீட்டுக்கா என்று நான் கேட்கவில்லை.

மூக்குக் குழாயால் என் பால்,
மூன்று மணிக்கு ஒருதரம் ஒரு மில்லிலீட்டர்.
நூற்றுப் பத்தொன்பது.
நூற்று நாலு.
ஆறாம் கிழமை, விடிய நாலு மணி,
கதிரையில் தூங்கிய என்னைத் தட்டி எழுப்பி
ஒரு பம்பர்ஸை விரித்துக் காட்டினாள் டொரீன்,
கடைக்காரர் கூறைச்சீலை விரிப்பதுபோல்.
நடுவில் ஒரு பொட்டளவு
பச்சை கலந்த மஞ்சள்.

படமெடுத்து அனுப்பினேன்.
பத்துமணி இடைவேளையில் ஏப்ரனோடு நின்று
லைன் முழுக்கக் காட்டினாராம்.
ரொஹெலியோ பெரிதாக்கிப் பார்த்துவிட்டு
தன் சாண்ட்விச்சை மூடிவைத்தானாம்.

விலாவுக்குக் கீழே கோடு
இன்னும் அதே இடத்தில்தான்.
இந்தக் கிழமை டொரீன் அதை அழிக்கவில்லை,
புதிதாகப் போடவும் இல்லை.