வரவு முத்திரை

ஆஸ்வீகோ மாவட்ட நீதிமன்றத்தில்
மூன்றாவது ஜன்னல் என்னுடையது.
தினமும் காலையில் கட்டைவிரலால்
முத்திரைச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்துவேன்.
இந்த ஊரின் காகிதங்களுக்கு அப்போதுதான் விடியும்.

டேரில் வோய்ட்டாவிச் முதலில் வந்தபோது
வாசலில் ஏரிப்பனி இடுப்பளவு.
குளிர்பெட்டி பழுது பார்ப்பவர்.
சட்டைப்பையில் சிவப்பு நூலில் அவர் பெயர்.
ஐந்து பக்கப் பிராது, கையெழுத்தில்.
வாங்கினேன், எண் போட்டேன்.

எதிர்த்தரப்பு ஒரே ஒரு மனு போட்டது.
நடந்ததா என்று யாரும் கேட்கவில்லை.
என்றைக்கு என்று மட்டும் கேட்டார்கள்.
உத்தரவை உறையிலிட்டு எச்சில் தொட்டு ஒட்டியவள் நான்.
பாலுக்கும் மாத்திரைக்கும் போடுவது போல
காலாவதி.

இருபத்து மூன்று வயதோடு கதவை அடைத்தது அன்றைய சட்டம்.
இருபத்து மூன்றில் அவர்
ஹாக்கி அரங்கம் இருக்கிற தெருவைத் தவிர்க்க
நான்கு மைல் சுற்றி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்,
ஏன் என்று தெரியாமலே.
பேச்சு
வழக்காவதற்கு
முப்பத்தைந்து வருஷம் பிடித்தது.

பிறகு ஆல்பனியில் கைகள் உயர்ந்தன.
அடைத்த கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்தது,
ஒரு வருஷத்துக்கு.
கொள்ளைநோய் வந்து இன்னொரு வருஷம் சேர்த்தது.
வரிசையில் சிவப்பு நூலைத் தேடினேன்.
நான் அவருக்கு உறவில்லை. தேடினேன்.

ஆகஸ்ட், கடைசி வெள்ளிக்கிழமை, மாலை நாலே கால்.
முகக்கவசத்துக்கு மேல் அந்தக் கண்கள்.
அதே ஐந்து பக்கம், இந்த முறை தட்டச்சில்.
"அந்த ஆள் செத்துவிட்டான், தெரியும்.
இது அரங்கத்துச் சாவியை
அவனிடம் கொடுத்து வைத்திருந்தவர்களுக்கு."

முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டேன்.
மை கசிந்து தேதி கொஞ்சம் தடித்தது,
படிக்க முடிகிறது.

அவருக்குப் பின்னால் தொப்பியோடு ஒருவர்.
டேரில் அவரைப் பார்த்தார். அவர் டேரிலைப் பார்த்தார்.
"கோல்கீப்பர்" என்றார் டேரில், என்னிடமா அவரிடமா தெரியவில்லை.
நாற்பது வருஷம் ஒரே ஊர்.
ஒரே மளிகைக் கடை.

தொப்பிக்காரர் கையில் காகிதம் இல்லை.
"இங்கேயே எழுதலாமா?" என்றார். "பேனா இருக்கிறதா?"

படிவத்தையும் பேனாவையும் நகர்த்தினேன்.
சுவர்க் கடிகாரம் என் தலைக்கு மேலே இடப்பக்கம்.
முதல் வரியில் பெயரை எழுதிவிட்டு
நிமிர்ந்து அதைப் பார்க்கத் தொடங்கினார்.

நாற்காலியை விட்டு எழுந்து
அதை மறைத்து நின்றுகொண்டேன்.