ஐந்நூறு பிரதிகள்

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
தில்லைநாயகியின் ஜெராக்ஸ் கடை.
மாதம் ஒருமுறை
சபைத் துண்டுப்பிரதியை அவளிடம்தான் நீட்டுவேன்.
இருபுறமும், ஐந்நூறு.
மஞ்சள் தாள் மலிவு என்பாள்.
பட்டா மனுக்காரர்களுக்கு நடுவே
பச்சை வெளிச்சம் போய்ப்போய் வரும் இடைவெளியில்
பழகிப்போனோம்.

முதல் நவராத்திரிக்குச் சுண்டல் தந்தபோது
வயிறு சரியில்லை என்றேன்.
மறுவருஷம் தூக்குவாளியோடு வந்தாள்:
"படைக்கிறதுக்கு முன்னாடியே
உனக்குன்னு எடுத்து வெச்சிட்டேன் ரூபா, தின்னு."
காராமணி. தேங்காய் தூக்கல்.
என் பொய்யையும் சேர்த்து மென்றேன்.

தானே புயலுக்கு மறுநாள்
அவள் வீட்டுத் தகடு கெடிலக் கரையில் கிடந்தது.
பதினோரு நாள் எங்களோடு இருந்தாள்.
மிஷின் கூடத்தில்,
ரெயின்கோட் போட்ட மாப்பிள்ளை மாதிரி.
இரவு நான் முழங்காலிடும்போது
பேட்டரி ரேடியோவின் சத்தத்தை
அவளாகக் குறைப்பாள்.

சபையில் ஒரு படிவம் உண்டு:
'இம்மாதம் சுவிசேஷம் அறிவித்தது எத்தனை பேருக்கு?'
ஒரு தடவை அவள் பெயரை எழுதினேன்.
உடனே அடித்தேன்,
தாள் கிழியும்வரை.

போன வெள்ளிக்கிழமை
முந்நூற்றுப் பன்னிரண்டு தாள் ஓடியிருந்தபோது
கரண்ட் போனது.
ஒரு பிரதியை எடுத்து விசிறிக்கொண்டே சொன்னாள்:
"பதினாலு வருஷமா படிக்கிறேன்டி இதை.
பிழைகூட மனப்பாடம்.
'இரட்சிப்பு' நாலு வருஷமா 'இரசிப்பு'ன்னுதான் இருக்கு,
நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்.
ஆனா உன் வீட்டுக்காரர் போனப்போ
மூணு மாசம் நீ சர்ச்சுப் பக்கமே போகல.
அப்புறம் எப்படித் திரும்பிப் போனே?
அது இதுல எங்கயும் இல்லியே.
அதைச் சொல்லு."

வசனங்கள் வரிசையாக வந்து நாவில் நின்றன.
எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன்.

கோபத்திலிருந்து ஆரம்பித்தேன்.
அவர் செருப்பை வாசலிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தது.
பைபிளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தது.
ஒரு சனிக்கிழமை, இன்னும் விடியவில்லை,
"நீயும் பிள்ளையைப் பறிகொடுத்தவன்தானே" என்று
அடுப்படிச் சுவரைப் பார்த்துக் கத்தியது.

"பதில் வந்துச்சா?"
"இல்ல. ஆனா யாரோ கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

கரண்ட் வந்தது. மிஷின் உறுமி நின்றது.
மீதி நூற்றெண்பத்தெட்டை ஓட்ட
அவள் எழவில்லை.
"அப்புறம்?" என்றாள்.

வரிசையில் நின்ற பட்டாக்காரர்
மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.