காலி எடை

காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் சாலையில்
எடைமேடை அறைக்குள் எனக்கு இரவுப் பணி.
கொப்பரை லாரி ஒன்று இறங்கிப் போய்
அடுத்தது வருவதற்குள்
கன்னத்தில் கால்வாசி வரைந்துவிடலாம்.

அவர் டச்சுக்காரர்.
முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால்
கண்ணாடி பார்த்துத் தன்னையே வரைந்துகொண்டவர்.
எனக்கு வாய்த்தது பஸ் ஸ்டாண்டு கடையில்
எண்பது ரூபாய்க்கு எடுத்த கலர் ஜெராக்ஸ்.
மஞ்சள் மை தீரும் நேரம்போல,
நெற்றியெல்லாம் ஊதா.
எது அவர் வைத்த நிழல், எது மெஷின் வைத்தது
என்று பிரிக்கவே மூன்று வாரம்.

முதல் தப்பு எண்ணெயில்.
ஆளிவிதை எண்ணெய்க்குக் கோயம்புத்தூர் போக வேண்டும்.
ஊரே எண்ணெய் ஊர், இதற்கா பஸ் ஏறுவது
என்று தேங்காயெண்ணெயில் குழைத்துவிட்டேன்.
பழுப்பு என்னமாய் வழுக்கிக்கொண்டு போயிற்று!
ஐப்பசி போய்க் கார்த்திகை போயும் காயவில்லை.
மார்கழி விடியலில் கட்டியாய் உறைந்தது.
ஆயிற்று என்று நினைத்தேன்.
பத்து மணி வெயிலுக்கு
மூக்கு இறங்கி மீசையில் உட்கார்ந்தது.

மறுபடி
ஈரோட்டில் காடாத்துணி, உடைந்த பலகையில் சட்டம்,
மூன்று பூச்சு வெள்ளை.
இந்தத் தடவை பஸ் ஏறினேன்.

காலி வண்டியை முதலில் நிறுத்துவோம், பாரத்தை அப்புறம்.
முகத்துக்கும் அதுவே வழி என்று
எப்படியோ தெரிந்திருந்தது.
முதலில் இருட்டு, அதைவிட இருட்டு,
பெயரில்லாத, வயசில்லாத ஒரு காலி முகம்.
பாரம் பிறகு ஏறியது:
இமைக்குக் கீழே கொஞ்சம்,
வாயோரத்தில் அதிகம்.

ஆடிக்காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அடித்து
தேங்காய்நாரையும் புழுதியையும்
ஈர நெற்றியில் ஒட்டிவிட்டுப் போனது.
இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
ஒன்றை மட்டும் விட்டேன்.
புருவத்தில், நான் வரைந்ததைவிடச் சரியாக விழுந்திருந்தது.

கண்ணுக்கு வந்தபோதுதான் உறைத்தது.
இவர் என்னைப் பார்க்கவில்லை.
கண்ணாடி நின்ற இடத்தில் நான் நிற்கிறேன்.
அந்தப் பார்வைக்கு எதிரே
அவரைத் தவிர ஆளே இருந்ததில்லை.
கூச்சமாக இருந்தது.
நாற்காலியைத் தள்ளிப் போட்டேன்.
அங்கேயும் பார்த்தார்.

சீட்டு வாங்கக் கை நீட்டிய பொங்கியண்ணன்
ஜன்னலில் எட்டிக் கேட்டார்:
"இதாருங்க, உங்க பெரியப்பாருங்களா?"
"இல்லீங்க, வெளிநாட்டுக்காரர்."
"மூக்கு உங்களாட்டவே இருக்குதுங்."

இரவில் இந்த அறைக் கண்ணாடியில் சாலை தெரியாது.
விளக்கைப் போட்டால் நான்தான் தெரிவேன்.
ஜெராக்ஸுக்கும் துணிக்கும் நடுவே
ஆயிரம் தடவை தலையைத் திருப்பியதில்
எந்த மூக்கைக் கையோடு எடுத்துவந்தேனோ.

சுரண்டினேன். வரைந்தேன்.
மறுபடி சுரண்டினேன்.
டிவிஎஸ் ஃபிப்டியிலிருந்து விழுந்து
பன்னிரண்டாம் வகுப்பில் வளைந்த அதே எலும்பு
மூன்றாவது தடவையும் வந்து நின்றது.
கத்தியைத் துடைத்து வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு லாரி வரத்து இல்லை.
படத்தை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினேன்.
கம்பத்தில் சிவப்பாய் அறுபது.
படத்தை இறக்கி வைத்தேன்,
அப்போதும் அறுபது.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
அவரை மட்டும் நடுவில் நிறுத்திவிட்டு
உள்ளே வந்து சீட்டு அடித்தேன்.

வண்டி எண்: இல்லை.
நிகர எடை: பூஜ்யம்.
போன லாரிக்குப் போட்டதை மாற்ற மறந்திருந்தேன்.
சரக்கு: கொப்பரை.