ஏழாவது ஜிக்

வீல் பேலன்ஸ் பார்க்கும்போது
ரிம்மிலிருந்து நெம்பி எறியும் ஈயத்துண்டு
பத்து கிராம், பதினைந்து, வேன் என்றால் முப்பது.
முதலாளி எடைக்குப் போடுமுன்
ஒரு கைப்பிடி என் பைக்குள் இறங்கியது.
ஒரு தோள் சாய்ந்தபடி
மஸ்கெலியா பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

"காம்பராக்குள்ள உருக்கினா
ஒங்களையும் சேர்த்து ஊத்திருவேன்"
என்றாள் கமலவேணி.
அதனால் லயத்துக்குப் பின்னால்,
காற்றுக்கு முதுகு காட்டி,
மூன்று கல், ஒரு பால்பேணி,
கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிலாறு.
ஈயம் முதலில் முகம் சுளித்தது.
அழுக்கை மேலே தள்ளியது.
பிறகு பேணிக்குள் ஒரு துண்டு வானம்.

களிமண்ணில் சுண்டுவிரல் குழி,
குழியில் படுத்த முள்.
அச்சு காயவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.
ஈயம் சொன்னது.
முழங்கையில் இன்னும் இருக்கிறது அந்தப் பொட்டு.

மண் காய்ந்த மறுநாள்
மீன்தலை எதிர்பார்த்தேன்.
வந்தது சளி.
அரத்தால் ராவி ராவி
அதற்கொரு தாடை வைத்தேன்.

டெரன்ஸிடம் சேவல் வால் கேட்டேன்.
"சேவலக் கேளு" என்றான்.
கேட்டேன். கொத்தியது.
விடியலில் கூட்டடியில் உதிர்ந்த நாலு இறகு,
தையல் மெஷினிலிருந்து சிவப்பு நூல்,
ஜன்னல் பலகையில் ஆணியடித்த துணிக்கிளிப்.
அவ்வளவுதான் என் பட்டறை.

நட்டு இறுக்கிப் பழகிய கை இது.
இன்னும் கால் சுற்று என்பது
சக்கரத்துக்கு உயிர்.
நூலுக்கு மரணம்.
அறுந்தது, அறுந்தது,
அறாதபோது அவிழ்ந்தது.
மூன்றாவதில் இறகு முள்ளை மூடிவிட்டது,
அதைக் கடிக்கும் மீனுக்கு ஒரு கூச்சம்தான் மிஞ்சும்.
ஐந்தாவது பேசினில் மல்லாந்து கிடந்தது
சம்பளநாள் ராத்திரி டெரன்ஸ் மாதிரி.

எவ்வளவு இறுக்கம் போதும் என்பதை
ஏழாவதில்தான்
கட்டைவிரல் தானாக நிறுத்தியது.
முடிச்சின்மேல் அவளுடைய நெயில்பாலிஷ்,
கேட்காமல் எடுத்தது,
இரண்டு சொட்டு. சரி, ஐந்து.

ஞாயிறு. மவுஸ்ஸாக்கலையில் தண்ணீர் வற்றிக்
கரை சேறாக வெடித்திருந்தது.
எறிந்தேன். விழுந்தது.
முள் மேலே பார்க்க,
தலை கீழே துள்ள,
தெளிந்த ஓரத்தில் நானே பார்த்தேன்,
அது என்னமோ உயிருள்ளதுபோல் போனது.
மீன் இல்லாவிட்டாலும் போதும் என்று
ஒரு கணம் நினைத்தது பொய்.

இரண்டாவது எறிதலில் பிடித்தது.
திலாப்பியாவா,
முங்கிப்போன தேயிலைத் தூரா,
தெரியவில்லை.
இழுத்தேன், இழுத்தது,
பிறகு நூல் மட்டும் வந்தது, லேசாக,
நுனியில் ஒரு சுருள்.
ஜிக்கின் முடிச்சை ஒரு வாரம் பழகினேன்.
ஜிக்கைத் தூண்டில் நூலில் கட்டும் முடிச்சை
அவசரத்தில் போட்டிருக்கிறேன்,
செருப்பு வாருக்குப் போடுவது போல.

"எத்தன?" என்றாள் வாசலில்,
எண்ணெய்ச் சட்டி அடுப்பில்.
கையை விரித்தேன்.
பிறகு மெதுவாகக் கேட்டேன்:
"அந்த நெயில்பாலிஷ்
இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கா?"