பொருள்: போத்தல், ஒன்று

யோறிஸ் நாடு திரும்பும்போது விட்டுப்போனது
ஆறு போத்தல்.
கறுப்புப் பியர், பன்னிரண்டு வீதம்,
தக்கைக்கு மேலே முறுக்குக் கம்பி.
அவனுடைய ஊரில் வருடத்துக்கு ஒரு கிழமைதான்
காய்ச்சுவார்களாம்.
"பத்து வருசம் வை" என்றான்.
"படுக்க வைக்காதே. வெளிச்சம் காட்டாதே.
உள்ளே மதுவம் உயிரோடு இருக்கு."
பதின்மூன்று பாகைக் குளிர் வேணுமாம்.
இதை மாங்குளத்தில் நின்று சொன்னான்,
சித்திரை மாதம், சேட்டைப் பிழிந்துகொண்டு.

நாங்கள் அறிந்தது கள்ளு.
காலையில் ஒரு குணம், பின்னேரம் இன்னொன்று,
மறுநாள் வினாகிரி.
காத்திருக்கிற குடியை யாரும் கண்டதில்லை.
பவளராணி கேட்டாள்:
"பத்து வருசத்தில குடிக்க வாயிருக்குமோ?"

கிடங்கு வெட்ட எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்?
அம்பகாமம் முகாமின் பின்னால்
பாதி தூர்ந்த பங்கர் ஒன்று.
பனங்குற்றிகளில் கறையான்.
கண்ணிவெடி இல்லையென்று
நாங்களே கையெழுத்து வைத்த நிலம்.
அதற்குள் இன்னும் இரண்டு முழம் இறங்கி
ஈரமணலில் போத்தல்களை நட்டோம்.
வெப்பமானி இருபத்தாறுக்குக் கீழே இறங்க மறுத்தது.
யோறிசுக்கு எழுதினேன். பதில் வந்தது:
அந்தச் சூட்டில் எல்லாம்
மூன்று மடங்கு வேகமாக மூப்படையும்.
அதை வாசித்து நான் சிரித்த சிரிப்பு
அவனுக்கு விளங்கியிராது.

முதலாவதை ஆறாம் மாதமே உடைத்தோம்.
சம்பள நாள், பொறுக்கவில்லை.
கருகிய கோப்பி, தொண்டையில் ஸ்பிரிற் எரிவு.
தர்மிலா வேலியோரம் போய்த் துப்பினாள்.

இரண்டாவது
ஆவணி மாதத்து இரவொன்றில் தானாக வெடித்தது.
ஏழு பெண்கள்,
விழிக்கும் முன்னரே குப்புறக் கிடந்தோம்,
கைகள் பிடரியில்.
பிறகு மணம் வந்தது,
பாணி காய்ச்சிய சட்டியின் மணம்.
பிறகு ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள்.
யார் முதலில் என்று இன்றைக்கும் சண்டை.

அடுத்தது கெட்டிருந்தது.
நனைந்த நிவாரணப் பெட்டி மட்டையின் சுவை.
அந்தச் சுவை உனக்கெப்படித் தெரியும் என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.

நான்காவதுதான் அது.
மூன்றாம் வருடம், கார்த்திகை மழை,
வேலை நிறுத்திய மத்தியானம்.
தேத்தண்ணிக் கோப்பையில் இரண்டு விரற்கடை.
பாணிப் பினாட்டு.
வெயிலில் சுருங்கிய பாலைப்பழம்.
பழப்புளி, ஒரு நுள்ளு.
எல்லாவற்றுக்கும் அடியில்
எரித்த காட்டுச் சாம்பலில் முதல் மழை.
விழுங்க மனம் வராமல் வாயில் வைத்திருந்தோம்.
பவளராணி வெகுநேரம் பேசாமலிருந்து
"இதுக்கு அவசரமில்லை" என்றாள்.
ஒரு போத்தலோடு ஏழு பேர்,
மழை விடும்வரை.

ஐந்தாவது தர்மிலாவின் கலியாணத்துக்குப் போனது.
மாப்பிள்ளை ஐஸ் போட்டுக் குடித்தாராம்.
அதைப்பற்றி இவ்வளவு போதும்.

பிறகு நிதி முடிந்தது. கூடாரங்களைச் சுருட்டினோம்.
ஆறாவதை அவள் எடுத்தாள் என்று நான்,
நான் எடுத்தேன் என்று அவள்.

எட்டு வருடம் கழித்து
வீட்டுத்திட்டத்துக்கு அத்திவாரம் வெட்டிய
பெக்கோக்காரப் பெடியன்
மண்ணுக்குள் கம்பி சுற்றிய கழுத்தொன்றைக் கண்டு
எஞ்சினைக்கூட நிறுத்தாமல் ஓடினான்.
அழைப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.
சிவப்பு நாடா. முகக்கவசம். மார்புக்கவசம்.
கருவி கம்பிக்குக் கத்தியது.
வயிற்றில் படுத்துத் தூரிகையை எடுத்தேன்.

முறுக்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.
என்றாலும் விதி விதிதான்.
ஒன்றேகால் மணித்தியாலம்
பக்கத்தால், அங்குலம் அங்குலமாக.
நாடாவுக்கு அப்பால் ஊர்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.
யோறிசின் கணக்கில் பதினொரு வருடம்.
எங்கள் சூட்டின் கணக்கில் முப்பத்து மூன்று.
நிமிர்ந்தே நின்றது,
அடியில் மதுவம் ஒரு விரல் தடிப்பில்.

படிவத்தை நிரப்பினேன்.
பொருள்: போத்தல், ஒன்று.
நிலை: உயிருள்ளது.
அழிக்கும் முறை என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டு
பவளராணிக்கு அழைப்பெடுத்தேன்.
"கோப்பையளைக் கழுவி வை" என்றேன்.