ஈரம் காயும்வரை

வானம் பார்த்த பூமி என்று பாடத்தில் படித்திருக்கிறேன்.
நான் வானம் பார்த்த ஊழியர்,
மணிக்குப் பதினொரு வெள்ளிச் சம்பளத்தில்,
மழை வரக் கூடாதென்று.

எங்கள் வண்டிக்குத் தண்டவாளம் கிடையாது.
பாதியாய்ப் பிளந்த குழாய் போல
இரும்புத் தகட்டில் வளைத்த ஓர் ஓடை.
உச்சியில் அவிழ்த்துவிட்டால்
தன் பாட்டுக்கு வழி தேடிக்கொண்டு இறங்கும்.
பனிச்சறுக்கு வண்டியாம்,
பனியைக் குளிர்பெட்டிக்குள் மட்டும் பார்த்த ஊரில்.

வளைவு வந்தால் சுவரேறும்.
எவ்வளவு உயரம் என்பது
உள்ளே இருப்பவர்களின் எடையைப் பொறுத்தது.
மெலிந்த பிள்ளைகள் நடுவிலேயே ஓடிவிடுவார்கள்.
கனத்தவர்கள் உயரப் போவார்கள்.
வேறெங்கும் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

இறங்கும் சத்தம்
தகரக் கூரையில் மழை விழுவது போலிருக்கும்.
கோப்பிக் கடையில் புதிதாய்ச் சேர்ந்தவர்கள்
முதல் வாரம் நாற்காலிகளை உள்ளே இழுப்பார்கள்.

ஈரமானால் பிரேக் பிடிக்காது.
ஆகவே ஒரு துளி விழுந்தாலும் சங்கிலி போடு.
ஆறு ஆண்டுகள் போட்டேன்.
வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்டினார்கள்,
மாண்டரினில், மலாயில், ஒருமுறை
தூத்துக்குடித் தமிழில், மிக அழகாக.
பதிவேட்டைப் புரட்டினால்
‘ஓடியது’ என்பதைவிட
‘ஈரம்’ என்ற சொல்தான் அதிகம்.
என் கையெழுத்து திருந்தியதே
அந்தச் சொல்லை எழுதி எழுதித்தான்.

சக்கரம் வார்த்துத் தந்த ஆலையை எங்கோ மூடிவிட்டார்களாம்.
இந்த இனத்தில் உலகம் முழுக்க
விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிச்சம் என்றார் லெங் ஹுவாட்,
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே,
ஏதோ ஒரு விலங்கைப் பற்றிச் சொல்வதுபோல.
நிர்வாகம் ஒரு தாள் ஒட்டியது.
ஞாயிறு கடைசி நாள்.

ஞாயிறு விடியலில் சுமத்ரா காற்று.
பத்து மணிக்குத் தூறல். பன்னிரண்டுக்குக் கொட்டியது.
மின்னல் எச்சரிக்கை விளக்கு ஓயவே இல்லை.
ஜோகூரிலிருந்து கடற்பாலம் கடந்து ஒருவர் வந்திருந்தார்.
முதல் சந்திப்பை இந்த வண்டியில் வைத்துக்கொண்ட இருவர்,
இப்போது மணவிலக்கு ஆனவர்கள்,
தனித்தனியே வந்து, தனித்தனிக் குடையில்.
சங்கிலிக்கு அந்தப் பக்கம் அவர்கள்.
ஐந்து மணி வரை
ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாயிலை அடைத்து அரைமணி நேரத்தில்
மழை விட்டது, வேண்டுமென்றே செய்வதுபோல.
யுஸ்ரி துடைப்பத்தோடு ஓடைக்குள் இறங்கினான்.
யாரும் சொல்லவில்லை.
பிறகு நான். பிறகு லெங் ஹுவாட், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
துணி தீர்ந்ததும் சீருடைச் சட்டையால் துடைத்தோம்.
அறுநூறு மீட்டர், முழங்காலில்.
வளைவுகளின் எண்ணிக்கை எனக்குத் தெரியும்;
ஒட்டுகளின் எண்ணிக்கை அன்றுதான் தெரிந்தது.
மூன்றாம் வளைவில், தகட்டின் விளிம்பில்,
ஆணியால் கீறிய ஓர் எழுத்து: ழ.
பொருத்திய நாளில் யாரோ ஒரு வெல்டர்.
அதன் மேல் மட்டும் மெல்லத் துடைத்தேன்.

அனுமதிக் காலம் முடிந்துவிட்டது, ஆள் ஏறக் கூடாது.
சோதனைப் பொம்மைகளை ஏற்றினோம்,
வயிறு முட்டத் தண்ணீர் நிரப்பிய மஞ்சள் பொம்மைகள்.
தலை இல்லை. பெல்ட்டை இறுக்கினோம்.
நான் பொத்தானை அழுத்தினேன்.

ஆறு ஆண்டு நான் விரட்டிய தண்ணீர்
முன்னிருக்கையில் உட்கார்ந்து போனது.
மூன்றாம் வளைவில்
அதுவரை நான் பார்த்த எல்லாரையும்விட
உயரம் ஏறியது.

பதிவேட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
நேரத்தை மட்டும் எழுதினேன்.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து கடைசிக்கு முந்தைய ரயில்.
தானா மேரா வரும் வளைவில் என் உடம்பு
சுவரேறத் தயாராகிச் சாய்ந்தது.
தண்டவாளம் விடவில்லை.
எதிரே உறங்கிய தாதியின் குடையிலிருந்து
ஒரு துளி தரையில் விழுந்தது.
என் கை
சங்கிலியைத் தேடியது.