கடைசி வரி

பை வேணுமா என்று கேட்க வேண்டும்.
கேட்கும்போது சிரிக்கவும் வேண்டும்.
கல்லாவின் உட்பக்கம், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி
மேலாளர் எழுதி ஒட்டியிருக்கிறார்.
துணிப்பை, எட்டு ரூபாய்.

ரசீதில் அது கடைசி வரி.
"இது என்ன புது வரி?" என்றார்
சாக்கோட்டையிலிருந்து வந்த உரக்கடைக்காரர்.
வரிதான், ஆனால் அந்த வரி இல்லை என்று
சொல்லத் தெரியாமல் சிரித்தேன்,
எழுதி ஒட்டியிருந்தபடி.

எட்டு ரூபாய்க்கு வழியில்லாத ஊரா புதுவயல்?
ரைஸ் மில் உமித்தூசியைச் செருப்போடு கொண்டுவருகிறவர்கள்
மூட்டைக் கணக்கில் பேசுகிறவர்கள்.
ஆனாலும் முதல் வாரம்
ஒருவர் ஹெல்மெட்டில் பன்னிரண்டு முட்டை அடுக்கி
வெறுந்தலையோடு வண்டியைக் கிளப்பினார்.
ஒருத்தி மகனின் புத்தகப்பையைத் திறந்து
கணக்கு நோட்டுக்கும் அறிவியலுக்கும் நடுவில்
வெந்தயக்கீரையைச் செருகினாள்.
ஆயிரத்து அறுநூற்று நாற்பதுக்கு
முந்திரியும் பாதாமும் வாங்கிய சாத்தப்பன்
அத்தனையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
கார்க் கதவைத் திறக்கக் கையில்லாமல்
வெயிலில் நின்றார்.
கண்ணாடி வழியே நான் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
பிறகு முழங்கையால் முயன்றார்.

"உங்க கடைப் பேரைத் தெருவெல்லாம் நான் சுமக்கணும்,
அதுக்குக் காசும் நானே தரணுமா?
நீ குடு எனக்கு எட்டு ரூவா" என்றாள் ஜைத்தூன்.
நியாயம்தான்.
வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு
நியாயத்தைவிட பஸ் முக்கியமாக இருந்தது.

பிறகு பழகிவிட்டது.
எந்த நாளில் என்று சொல்ல முடியாது.
சட்டைப் பையிலிருந்து, சீட்டுக்கு அடியிலிருந்து,
இடுப்பிலிருந்தும்கூட பைகள் வரத் தொடங்கின.

மெய்யம்மை கொண்டுவந்தது தாம்பூலப் பை.
கொழுந்தன் கல்யாணத்தில் மிஞ்சியவை இருநூறாம்.
மணமக்கள் பெயர், தேதி, மண்டபம், எல்லாம் சிவப்பில்.
அவர்கள் இப்போது தேவகோட்டைக் கோர்ட்டில்
எதிரெதிர் பெஞ்சில்.
பையை உட்புறம் வெளியே வரத் திருப்பியிருந்தாள்.
தையல் பிசிறு வெளியே,
பெயர்கள் உள்ளே, சின்ன வெங்காயத்தோடு.
"நல்ல துணி" என்றாள்.
நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஒரு ராத்திரி, ஷட்டர் பாதி இறங்கிய பிறகு
குனிந்து நுழைந்தான் ஒருவன்.
ஃப்ளாஸ்க், ரொட்டி, பூத்துவாலை,
இருப்பதிலேயே சின்ன அளவு டயப்பர்.
சில்லறையை இரண்டு முறை எண்ணினான்.
எல்லாவற்றுக்கும் சரியாக வந்தது, பைக்கு வரவில்லை.
நான் கேட்கவில்லை. சிரிக்கவுமில்லை.
ஒன்றை உருவி, போட்டுக் கொடுத்தேன்.
மாதக் கடைசியில் பைகளை எண்ணுவார்கள்.
ஒன்று குறைந்தது,
என் சம்பளத்தில் எட்டு குறைந்தது.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது பை,
துவைத்து, நான்காக மடித்து.
"பொம்பளப் புள்ளக்கா" என்றான்.

விற்பதற்குப் பொத்தான் இருக்கிறது.
தள்ளுபடிக்கு இருக்கிறது, ரத்துசெய்ய இருக்கிறது.
துவைத்துக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள
இந்த மெஷினில் ஒன்றுமில்லை.
கட்டோடு சேர்த்தால் கூடுதலாக வரும்.
கூடினாலும் கேள்வி கேட்பார்கள்.
கல்லாவுக்கு அடியில்
என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அப்புறம் அது போவதும் வருவதுமாக இருந்தது.
யாருக்குக் கொடுப்பது என்று எனக்கு ஒரு கணக்கும் இல்லை.
வளையல் மின்னிய கைக்கு ஒருமுறை கொடுத்திருக்கிறேன்.
கொடுத்திருக்க வேண்டிய ஒருத்திக்கு
எட்டு ரூபாய் என்று சொல்லியிருக்கிறேன்,
சிரித்துக்கொண்டே. அது இன்னும் உறுத்துகிறது.
மஞ்சள் கறை ஒன்று ஏறியது. கொஞ்சம் கருவாட்டு வாடை.
அறுந்த பிடியை யாரோ
கறுப்பு நூலால் தைத்து அனுப்பியிருந்தார்கள்.

இன்றோடு ஆறு நாள். வரவில்லை.
யாரிடம் கொடுத்தேன் என்பதும் நினைவில்லை.
பை வேணுமா என்று கேட்கும் முன்
ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.
சில்லறை தேடுகிறேன் என்று நினைத்து
எதிரில் நிற்பவர்
"இருக்கட்டும்மா" என்கிறார்.